கட்டுண்டு கிடந்த பொம்மைகள்

ஷூ கம்பெனியின் பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டிக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் குழந்தைகள் காப்பகம். கம்பெனியில் அதற்குப் பெயர் பேபி ரூம். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பெண்கள் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுத் தையல் லைனுக்கு ஓடுவார்கள். சாயங்காலம் சங்கு ஊதினால் வந்து வாங்கிக்கொள்வார்கள். நான் அங்கே டீச்சர். எனக்குத் துணை ஒரு ஆயம்மா, என்னைவிட மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன்.

கம்பெனி வருவதற்கு முன் அந்த இடம் தோல் பதனிடுகிற ஷாப்பாக இருந்தது. எங்கள் அறை அப்போது உப்புப் போட்ட பச்சைத் தோலை அடுக்கி வைக்கிற கிடங்கு. வெள்ளையடித்து, சுவரில் முயலும் யானையும் வரைந்து எங்களிடம் கொடுத்தார்கள். மழைக்காலம் வந்தால் யானையின் வயிற்றில் உப்புப் பூக்கும். பிள்ளைகள் போய் நக்கும், நான் கத்துவேன். "உப்பு சும்மா பூக்காது டீச்சர், உள்ள இன்னாவோ கீது" என்பார் ஆயம்மா. அவருக்கு எல்லாவற்றின் உள்ளேயும் ஏதாவது இருக்கும். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதற்கு ஒரு செத்துப்போனவர் காரணமாக இருப்பார். எனக்கு இந்தப் பேச்செல்லாம் ஆகாது. முன்கோபக்காரி வேறு, பட்டென்று ஏதாவது சொல்லிவிடுவேன்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கடைப் பொம்மை கிடையாது. லைனில் மிஞ்சுகிற ஷூ உள்துணியில் பஞ்சை அடைத்து அம்மாக்களே தைத்துக் கொடுத்த பொம்மைகள்தான். கண்ணுக்குப் பதிலாக, லேஸ் கோக்கிற பித்தளை வளையம் இரண்டைப் பதித்திருப்பார்கள். அந்தக் கண்கள் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வளையத்துக்குள் இருட்டு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் பிள்ளைகள் மதியம் தூங்கி எழுந்த பிறகு, பெருக்கக் குனிந்த ஆயம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். நான் குனிந்து பார்த்தேன். தாழ்வான சாப்பாட்டு மேஜைக்கு அடியில் எல்லாப் பொம்மைகளும் இருந்தன. எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றின் வலது காலும் கறுப்பு ஷூ லேஸால் மேஜைக் காலோடு கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிட்டிகை முட்டை மஞ்சள் கரு.

"செய்வினை டீச்சர்" என்றார் ஆயம்மா. "பொம்மைய கட்டி, பலி வெச்சிக்கீறாங்க."

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் பக்கத்துச் சமையல் தடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஆயம்மா கண்ணயர்ந்திருந்தார். லேஸை அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. அங்கேதான் எனக்கு உறுத்தியது. லேஸ் முடிச்சுப் போட ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே பலகையில் ஓட்டை போட்டு நான் கற்றுக்கொடுக்கிறேன், ஒன்றுக்கும் வரவில்லை. இது பெரியவர்கள் போடுகிற முடிச்சு. அறையில் இருந்த பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் ஆயம்மாவைப் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது. "என் புள்ள மேல சத்தியமா நான் இல்ல டீச்சர்" என்று அழுதார். பிறகு எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது.

மறுவாரம் மறுபடியும் அதே மாதிரி. அதற்கடுத்த நாள் மதியம் பிள்ளைகளோடு நானும் பாயில் படுத்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். துணி வழியாக அறை மங்கலாகத் தெரிந்தது. ஃபேன் ஓடியது, தூரத்தில் தையல் மெஷின்கள் இரைந்தன.

ஒரு பெண்குழந்தை எழுந்தாள். நான்கு வயது. எங்கள் அறையிலேயே தங்கமான பிள்ளை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற பிள்ளை அவள்தான். எண்ணெய் வைத்து வாரிய ரெட்டைச் சடை, துவைத்து மடித்த கவுன். அடம் கிடையாது, அழுகை கிடையாது. மதியச் சாப்பாட்டில் கொடுக்கிற முட்டையில் பாதியை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்வாள். "நைட்டு பசிக்கும்பா டீச்சர், வுடுங்க" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள்.

தூங்கி எழுகிற பிள்ளை கண்ணைக் கசக்கும், அம்மாவைத் தேடும். இவள் ஷிப்டுக்கு எழுகிறவள் போல நேராக எழுந்தாள். நான் முடிச்சுக் கற்றுக்கொடுக்க வைத்திருந்த பெட்டியிலிருந்து லேஸ்களை எடுத்தாள். பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய், தட்டிக்கொடுத்து, காலைக் கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். சுவர்ப்பக்கம் திருப்பினாள். கைக்குட்டையைப் பிரித்து முட்டையைக் கிள்ளி வைத்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாத. சாயங்காலம் வந்துடுவேன். சத்தம் வந்துச்சின்னா எல்லாம் வந்துடுவாங்க" என்றாள்.

அது குழந்தையின் பேச்சே இல்லை. களைத்துப்போன ஒரு பெரிய பெண்ணின் பேச்சு அந்தச் சின்ன வாயிலிருந்து வந்தது. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த நேரம் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது, பொய் சொல்வானேன். எழுந்து அவளைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவள் திரும்பி வந்து என் பக்கத்துப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். விழுந்த காயம் முட்டியிலும் முழங்கையிலும் இருக்கும், அடித்த காயம் முதுகிலும் காதுக்குப் பின்னாலும் தொடையின் உள்பக்கத்திலும் இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். உடைமாற்றும்போது அவளை நன்றாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வயதுக்கேற்ற எடை. அம்மா வந்தால் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். படத்தில் காட்டிய எதுவும் அவளிடம் இல்லை.

அப்புறம் ஒரு நாள் பொம்மை போதவில்லை போலிருக்கிறது. எங்களிடம் இருந்ததிலேயே சின்னப் பையன், அப்போதுதான் நடக்கப் பழகியவன், அறை மூலையில் இருந்த கட்டிலின் காலோடு கட்டப்பட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அவன் முகத்தருகே முட்டை. அவன் அழவில்லை. யாரோ வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது போலக் காத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவன் காலில் சிவந்த வளையத்தை அவன் அம்மா பார்த்தாள். யார் கட்டியது என்று கேட்டபோது நான் மறைக்கவில்லை. மறுநாள் டீ இடைவேளைக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, கம்பெனி வாய்க்கு மூடி செய்ய இனிமேல்தான் ஆள் பிறக்க வேண்டும். ஒருத்தி மெஷினிலேயே மயங்கி விழுந்தாள். இன்னொருத்திக்குப் பாத்ரூமில் குழந்தைக் கொலுசுச் சத்தம் கேட்டதாம். சிலர் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஹெச்.ஆர். தம்பி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"பேஜாரா போச்சி டீச்சர். அந்தப் பாப்பாவ இனிமே கூட்டிக்கினு வர வேணாம்னு சொல்லிடுங்க."

"அவ அம்மா எப்படி வேலைக்கு வருவா?"

"அத அவங்க பாத்துப்பாங்க. லைன் நின்னா என்னத்தான் கேப்பாங்க."

சண்டை போட்டு அடுத்த வாரம் சனிக்கிழமை வரை தவணை வாங்கினேன்.

அன்றைக்குத்தான் ஆயம்மா கோபத்தை விட்டு என்னிடம் பேசினார். கையில் எலுமிச்சம்பழம், பாட்டிலில் தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர். "அந்தப் பாப்பாவுக்கு ஒரு தம்பி இருந்துச்சாம் டீச்சர். வலிப்பு வந்து போன வருஷம் போய்ட்டுதாம். அக்காவத் தேடிக்கினு இங்க வருது. இது முட்ட வைக்கறது அதுக்குத்தான்."

லைனில் விசாரித்தேன். உண்மைதான் என்றார்கள். காவேரிப்பாக்கம் பக்கம் தன் தாய் வீட்டுக்கு லீவில் போன அந்தப் பாப்பாவின் அம்மா, கைப்பிள்ளை இல்லாமல் வந்தாளாம். எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அப்புறம் வீடும் மாற்றிவிட்டார்களாம். பாப்பாவைச் சேர்க்கும்போது நான் அவளிடம் கேட்டிருந்தேன், வீட்டில் எத்தனை பேர் என்று. "நானு, அவரு, பாப்பா" என்றாள். செத்த பிள்ளையை யாரும் கணக்கில் சொல்லமாட்டார்கள்தானே.

திங்கட்கிழமை அந்தப் பாப்பா பொம்மையோடு உட்கார்ந்திருந்தபோது நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"இது யாரு கண்ணு?"

"தம்பி."

"தம்பி இன்னா பண்றான்?"

"சும்மா கீறான்."

"எங்க?"

"வூட்ல."

ஆயம்மா கதவோரம் நின்று முணுமுணுவென்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இதை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்? செத்துப்போனவர்களை இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம்தான். பேச்சை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு அவள் கையைக் கழுவப் போனேன். ஆள்காட்டி விரலில் சின்னச் சின்னப் பள்ளங்கள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. காய்ந்த ரத்தம். போன சனிக்கிழமை அது இல்லை.

"இது இன்னா ஆச்சு?"

"தம்பி கடிச்சிட்டான்." அவள் வாயைத் திறந்து, கடைவாயை எனக்குக் காட்டினாள். "அவனுக்கு இங்க புதுசா பல்லு வர்து. முட்ட ஊட்டினேனா, வெரலையும் சேத்துக் கடிச்சிட்டான்."

சோப்பு நுரையோடு அவள் கையைப் பிடித்தபடி நின்றேன். ஆயம்மாவின் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"செத்த புள்ளைக்குப் பல்லு மொளைக்குமா அக்கா?" என்றேன்.

அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை ஜன்னலில் வைத்தார். அந்தக் கேள்வியோடு எங்கள் அறையிலிருந்த பேய் போய்விட்டது. பேய் இருந்தபோது இருந்த பயத்தைவிட, அது போன பிறகு வந்த பயம்தான் எனக்குத் தாங்கவில்லை.

நேராக லைனுக்குப் போய் அந்த அம்மாவை மெஷினிலிருந்து முடியைப் பிடித்து எழுப்ப வேண்டும் போல் இருந்தது. அப்படிச் செய்யக்கூடாது. வீட்டுக்காரர்களை முதலில் கேட்டால் உயிரோடு இருக்கிற அந்தத் தம்பியை ராத்திரியோடு ராத்திரியாக வேறிடம் மாற்றிவிடுவார்கள். ஹெச்.ஆரிடம் சொன்னால் அவர் மேலே கேட்பார், மேலே இருப்பவர்கள் வேறு யாரையாவது கேட்பார்கள். வருகிற சனிக்கிழமையோடு இவள் நின்றுவிடுவாள். இவள் நின்றால் அந்த அரை முட்டையும் நின்றுவிடும். அப்புறம் அப்படி ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்குமே தெரியாது.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தேன். என் சந்தேகம் தப்பாக இருந்தால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் வீட்டுக்குப் போலீஸை அனுப்பியவள் ஆவேன். எடுத்தது ஒரு பெண்.

"நீங்க நேர்ல பாத்தீங்களாம்மா?"

"இல்ல."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. சந்தேகம்தான்."

"சந்தேகம் போதும். சொல்லுங்க."

அந்த இரண்டு வார்த்தைக்காக அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது நம்ப முடியாத கதையாக இருந்தது. பொம்மை, முட்டை, பல். அவர் குறுக்கே பேசவே இல்லை.

மதியமே மாவட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் ஜீப்பில் வந்தார்கள், கூட ஒரு பெண் போலீஸ். வீடு தெரிந்த கம்பெனி பஸ் டிரைவரிடம் வழி கேட்டு நானும் ஏறிக்கொண்டேன். பாலாற்றுப் பக்கம் வரிசை வீடுகள். அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. நிலையில் வாடிய வேப்பிலைக் கொத்து, கீழே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். அதை வைத்தது பக்கத்து வீட்டுக்காரி.

"பகல்ல உள்ள தட்ற மாதிரி சத்தம் வருதுங்க. பூட்டின வூட்ல யாரு தட்டுவாங்க? வூட்டுக்காரங்கள கேட்டா எலின்றாங்க. எனக்குப் பயமா இருந்துச்சி, அதான் வேப்பில சொருகினேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பட்டப்பகலில் ஒரு தெருவே அரண்டு கிடந்தது. கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன்.

பெண் போலீஸ் சத்தம் கொடுத்தார். பதில் இல்லை. ஆளை அழைத்து, அக்கம்பக்கத்தார் முன்னால் பூட்டை உடைத்தார்கள்.

உள்ளே இருட்டு. ஜன்னலை ஷூ அட்டைப்பெட்டியால் அடைத்திருந்தார்கள். மூத்திர வாடையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய். அதில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தலை பெரிதாக, கையும் காலும் குச்சியாக. வலது கணுக்காலில் கறுப்பு லேஸ், மறுமுனை கட்டில் காலில். நான் கத்தரிக்கோலால் வெட்டிய அதே முடிச்சு. பக்கத்தில் ஒரு தட்டில் காய்ந்த இட்லி.

தலை வாரியிருந்தது. கண்ணுக்கு மை. கன்னத்தில் பெரிதாக, வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு. செத்துவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன பிள்ளைக்கு யார் கண்ணும் படக்கூடாது என்று அன்று காலையில் அவன் அம்மா பொட்டு வைத்திருக்கிறாள்.

வெளிச்சம் பட்டதும் அவன் மெல்லத் திரும்பினான். எங்களைப் பார்த்து அழவில்லை. விரலைத் தூக்கி உதட்டில் வைத்தான். பெண் போலீஸ் வெளியே போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் புருஷன் கொஞ்சம் தள்ளித் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவளுக்கு. விரல் நுனியெல்லாம் ஷூ ஒட்டுகிற கம் காய்ந்து தோல் உரிந்திருந்தது. நான்தான் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை.

"அவன வெச்சிக்கினு யாரு டீச்சர் வேல குடுப்பாங்க? அவுத்து வுட்டா அடுப்புல வுழுவான். வலிப்பு வந்தா கண்ட எடத்துல மோதிப்பான். அதான் கட்டினேன். வேற எதும் பண்ணலயே."

"செத்துட்டான்னு ஏம்மா சொன்ன?"

"உயிரோட கீறான்னா தெனம் கேப்பாங்க. டாக்டர்கிட்ட காட்னியா, நடக்கறானா, பேசறானான்னு. செத்துட்டான்னா ஒரு நாள் அழுதுட்டு வுட்டுடுவாங்க."

அவளைத் திட்ட நான் நிறைய சேர்த்து வைத்திருந்தேன். தோல் உரிந்த அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் மேல் மட்டும் இல்லை, செத்தான் என்றதும் சுற்றி உட்கார்ந்து அழுதார்களே, இருந்தபோது அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத எங்கள் எல்லோர் மேலும்.

கம்பெனியில் இப்போது பேச்சு மாறிவிட்டது. அந்தப் பாப்பாவை நிறுத்து என்று சொன்ன அதே வாய்கள், டீச்சர் ஒரு குடும்பத்தையே ஸ்டேஷன் ஏற்றிவிட்டாள் என்கின்றன. என் எதிரே வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆயம்மா மட்டும் டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையனை அங்கே சேர்த்திருந்தார்கள். அக்காவைப் பிரித்தால் அவன் சாப்பிடுவதில்லை என்று அவளையும் கூடவே விட்டிருந்தார்கள். தடுப்புக் கம்பி போட்ட வெள்ளைக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். கன்னத்தில் பொட்டு இல்லை. கால்மாட்டில் அவள் உட்கார்ந்து, கம்பிக்கு இடையே கையை விட்டு அவன் வலது கணுக்காலைப் பிடித்திருந்தாள்.

"விடவே மாட்டேங்குதும்மா. தூங்கும்போதுகூடப் பிடிச்சிக்கினுதான் தூங்குது" என்றார் நர்ஸ்.

"வுடு கண்ணு. கை வலிக்கும்" என்றேன்.

"வுட்டா வுழுந்துடுவான்."

கட்டிலைச் சுற்றிக் கம்பி இருக்கிறது, விழமாட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. கண் சிவந்து தூக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. "சரி, நான் புடிச்சிக்கறேன். நீ படு" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் கையை எடுத்து அவன் காலில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். தரையில் விரித்திருந்த பாயில் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

லேஸ் இருந்த இடத்தில் தோல் பள்ளமாக இருந்தது, என் விரல் அதில் சரியாக உட்கார்ந்தது. அவள் மூச்சு சீராகும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கையை எடுத்தேன். பையன் என்னைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான். இனிமேல் எங்கே வேண்டுமானாலும் நகரலாம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை மல்லாத்தி மெத்தை மேல் வைத்திருந்தேன். அவன் மெதுவாக அந்தக் காலை இழுத்து இழுத்துக் கொண்டுவந்து, என் உள்ளங்கையில் வைத்தான்.